தகலாக் வாக்கியத்தில் எழுவாய் எது? ஆஸ்ட்ரோனேசிய வினைகளும் மரவங்கிக் குறியீடும்

பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் ஓர் ஆள் மீன் வாங்கிய செய்தியை 'புமிலி அங் லலாகி நங் இஸ்தா' என்று சொல்லலாம். 'பினிலி நங் லலாகி அங் இஸ்தா' என்றும் சொல்லலாம். 'லலாகி' என்பது ஆண், 'இஸ்தா' என்பது மீன், 'பிலி' என்பது வாங்குதலைக் குறிக்கும் வேர். இரண்டு வாக்கியத்திலும் வாங்கியவன் அந்த ஆள், வாங்கப்பட்டது மீன். மாறியிருப்பவை வினையின் வடிவமும், 'அங்' என்னும் சிறு சொல் எந்தப் பெயரின் முன்னால் வந்து நிற்கிறது என்பதும் மட்டுமே. தமிழில் இந்த வேறுபாட்டை நெருங்கிச் சொல்ல வேண்டுமானால், முன்னதை 'அந்த ஆள் மீன் வாங்கினான்' என்றும், பின்னதை 'அந்த ஆள் மீனை வாங்கினான்' என்றும் எழுதலாம். நாம் ஐ உருபை இட்டும் விட்டும் காட்டுகிற குறிப்பான மீன், ஏதோ ஒரு மீன் என்ற வேறுபாட்டைத் தகலாக் தன் வினையைக் கொண்டே காட்டிவிடுகிறது. ஆனால் பல இலக்கண விளக்கங்கள் இரண்டாவது வாக்கியத்தை 'மீன் அந்த ஆளால் வாங்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையாகப் பெயர்த்திருக்கின்றன. அந்தப் பெயர்ப்பு எவ்வளவு சரி என்ற கேள்வி, இம்மொழிகளுக்கு மரவங்கி அமைப்பவர்களின் மேசையில் இன்று முதல் கேள்வியாக நிற்கிறது.

மரவங்கி என்பது, ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது, அந்தச் சார்புக்கு என்ன பெயர் என்று சொல்லுக்குச் சொல் குறித்துவைத்த வாக்கியத் தொகுப்பு. கணினிப் பகுப்பிகள் அதைப் பார்த்துத்தான் இலக்கணம் கற்கின்றன. மொழிகளை ஒப்பிடும் ஆய்வாளர்கள் அதை எண்ணிப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். இன்று மிகப் பரவலாகப் பின்பற்றப்படும் 'யுனிவர்சல் டிபெண்டன்சீஸ்' திட்டத்தின் முதல் வழிகாட்டி 2014இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு எல்லா மொழிகளுக்கும் பொதுவாக 37 உறவுப்பெயர்களை வைத்திருக்கிறது. இலக்கண நூல் எழுதுபவர் ஒரு சிக்கலைக் கண்டால் 'இது கருத்து வேறுபாட்டுக்கு உரியது' என்று எழுதிவிட்டு அடுத்த இயலுக்குப் போகலாம். குறியீட்டாளருக்கு அந்த வசதி கிடையாது. முன்னால் இருக்கும் பெயர்ச்சொல்லுக்கு ஏதேனும் ஓர் உறவுப்பெயரை இட்ட பிறகுதான் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியும்.

தகலாக் வினையின் அமைப்பைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தொல்காப்பியம் ஒரு நல்ல வழி திறந்து வைத்திருக்கிறது. வேற்றுமை மயங்கியலில் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன் என்னும் எட்டும் தொழில் முதனிலைகளாக எண்ணப்படுகின்றன. தமிழ், இவற்றோடு தொடர்புடைய பெயர்களின்மேல் வேற்றுமை உருபை ஏற்றி உறவைக் காட்டும். தகலாக் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, 'இந்த வாக்கியம் இதை நோக்கியது' என்று வினையின் வடிவத்திலேயே பதித்துவிடும். செய்வதை நோக்கினால் 'புமிலி'. செயப்படுபொருளை நோக்கினால் 'பினிலி'. கடையாகிய நிலத்தை நோக்கினால் 'பினில்ஹான்'. யாருக்காக வாங்கினானோ அவரை நோக்கினால் 'இபினிலி'. எதைக் கொண்டு வாங்கினானோ அந்தக் கருவியை நோக்கினால் 'இபினம்பிலி'. நோக்கப்பட்ட பெயர் 'அங்' பெறும். அது செய்பவனாகவோ செயப்படுபொருளாகவோ இல்லாதபோது, அவ்விரண்டும் பெரும்பாலும் 'நங்' பெறும்; இடம் முதலியவை 'ஸா' பெறும். மொழியியலார் 'வாய்ஸ்' என்றும், பிலிப்பைன்ஸ் மொழி ஆய்வாளர்களில் ஒரு சாரார் 'ஃபோகஸ்' என்றும் சொல்லும் இந்த அமைப்பை, இக்கட்டுரையில் 'நோக்கு' என்றே குறிக்கிறேன்.

மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரவிக் கிடக்கும் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மிகுந்த மொழிகள் உள்ளன. இந்தப் பல நோக்கு முறை தைவானின் தொல்குடி மொழிகளிலும் பிலிப்பைன்ஸிலும் செழித்து நிற்கிறது, மடகாஸ்கரின் மொழியாகிய மலகாசியிலும் உண்டு. மேற்கு இந்தோனேசியாவில் அது பெரும்பாலும் இரண்டாகச் சுருங்கிவிட்டது. பசிபிக் தீவு மொழிகள் பலவற்றில் மறைந்தே போயிற்று.

செயப்பாட்டுவினை என்ற பெயர் இங்கு வந்து ஒட்டிக்கொண்ட கதை பழையது. 1610இல் ஸ்பானியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ பிளான்காஸ் தே சான் ஹோசே தகலாக் இலக்கணத்தை அச்சிட்ட காலத்திலிருந்து, லத்தீன் இலக்கணம் பயின்ற கண்கள்தான் இந்த மொழியைப் பார்த்தன. 'செய்பவன் எழுவாயாக இல்லையா, அப்படியானால் அது செயப்பாட்டு' என்பது அந்தக் கண்களுக்கு இயல்பான முடிவு. 1917இல் அமெரிக்க மொழியியலாளர் லியனார்ட் புளூம்ஃபீல்டு தம் தகலாக் ஆய்வில் செய்வினை ஒன்று, செயப்பாட்டு மூன்று என்று வகுத்தார். அவருடைய தரவு நுட்பத்தை இன்றும் மதிக்கிறோம். பெயரை மட்டும் ஏற்கத் தயங்குகிறோம். தயக்கத்துக்குக் காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. தமிழில் 'வாங்கினான்' என்பதிலிருந்து, 'படு' என்ற துணைவினையைச் சேர்த்து, 'வாங்கப்பட்டது' என்பதைப் பெறுகிறோம். ஒன்று அடிப்படை, மற்றது அதன்மேல் கட்டியது. 'புமிலி', 'பினிலி' இரண்டும் வேரின் உள்ளே ஒட்டுப் புகுந்து பிறந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. தமிழில் செயப்பாட்டுவினை வேண்டும்போது மட்டும் எடுக்கும் கருவி. தகலாகிலோ குறிப்பான ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது செயப்படுபொருள் நோக்குதான் இயல்பான பேச்சு. 'மீனைச் சாப்பிடு' என்று குழந்தைக்குச் சொல்லும் ஏவல்கூட 'கைனின் மோ அங் இஸ்தா' என்று அந்த நோக்கிலேயே வரும். இதையெல்லாம் கருதித்தான் அண்மைக் கால ஆய்வாளர் பலர் இதைச் சமநிலை நோக்கு என்கிறார்கள்.

யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் வழிகாட்டி எழுவாய் உறவை வரையறுக்கும்போது இரண்டு நிபந்தனைகளை ஒன்றாகக் கட்டுகிறது. அந்தப் பெயர் தொடரியல் சோதனைகளில் எழுவாயாகத் தேற வேண்டும். அதோடு வினையைச் செய்பவனுக்கு மிக நெருங்கியதாகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை நிறைவேறி இரண்டாவது தவறினால், அதற்கெனத் தனியே 'என்சப்ஜ்:பாஸ்' என்னும் செயப்பாட்டு எழுவாய்க் குறியீடு இருக்கிறது. அப்போது செய்பவன் 'ஒபிஎல்:ஏஜென்ட்' என்ற குறியீட்டோடு வாக்கியத்தின் மையத்தை விட்டு, அதாவது எழுவாயும் செயப்படுபொருளும் நிற்கும் இடத்தை விட்டு, விளிம்புக்குத் தள்ளப்படுவான். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இது பொருந்துகிறது. நம்முடைய 'ஆல்' உருபு பெற்ற பெயர் உண்மையிலேயே விளிம்பில்தான் நிற்கிறது. தகலாகில் அந்த இரண்டு நிபந்தனைகளும் வெவ்வேறு பெயர்களிடம் போய் நிற்கின்றன.

மொழியியலாளர் பால் ஷாக்டர் 1976இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். எழுவாய்க்கு உரியவை என்று நாம் நினைக்கும் பண்புகளில் ஒரு பாதி 'அங்' பெயரிடமும், மறு பாதி செய்பவனிடமும் இருக்கின்றன என்பது அவர் கண்டது. பெயரெச்சத் தொடரை முதலில் எடுத்துக்கொள்வோம். 'மீன் வாங்கிய ஆள்' என்று சொல்ல வேண்டுமானால் வினை செய்பவன் நோக்கில்தான் இருக்க வேண்டும். 'ஆள் வாங்கிய மீன்' என்றால் வினை செயப்படுபொருள் நோக்குக்கு மாறியே ஆக வேண்டும். பெயரெச்சம் கொள்ளும் பெயர் எப்போதும் 'அங்' நிலைக்கு உரியது. தமிழில் இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லாததால் நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். 'எல்லாம்' என்று பொருள்படும் 'லஹாத்' வினைக்குப் பக்கத்தில் தனித்து நிற்கும்போதும் அது 'அங்' பெயரையே தழுவும். பால் குரோகர் 1990களின் தொடக்கத்தில் இத்தகைய சான்றுகளைத் திரட்டி, 'அங்' பெயரே தகலாகின் எழுவாய் என்று வாதிட்டார்.

மறுபக்கச் சான்றும் அதே அளவு வலியது. 'இனீசிப் நிலா அங் கனிலாங் சரிலி' என்றால் 'அவர்கள் தங்களைப் பற்றியே நினைக்கிறார்கள்' என்று பொருள். இங்கே 'தங்களை' என்ற தற்சுட்டு 'அங்' பெற்று நிற்கிறது. அது சுட்டும் 'அவர்கள்' செய்பவனாக, 'அங்' இல்லாமல் நிற்கிறது. எழுவாய் தற்சுட்டாக நின்று, விளிம்பில் நிற்கும் ஒரு பெயரைத் தன் முன்னோடியாகக் கொள்வது உண்மையான செயப்பாட்டில் நடக்காது. இன்னொன்று: 'நக்-அதுபிலி ஸியாங் ஹிராமின் அங் பேரா ஸா பாங்கோ', அதாவது 'வங்கியிலிருந்து அந்தப் பணத்தைக் கடன் வாங்க அவன் தயங்கினான்'. 'ஹிராமின்' செயப்படுபொருள் நோக்கில் இருக்கிறது, 'அங்' பெயர் பணம். ஆனால் சொல்லப்படாமல் தொக்கு நிற்பது கடன் வாங்குபவன். மரவங்கிக்கு இது நேரடியான இடி. பொது வழிகாட்டியில் 'எக்ஸ்காம்ப்' என்னும் நிரப்புத்தொடர் உறவு, உள்ளே தொக்கு நிற்பது எழுவாய் என்ற அடிப்படையில் வரையறுக்கப்பட்டது. 'அங்' பெயரே எழுவாய் என்று வைத்துக்கொண்டால், இந்த வாக்கியத்தில் எழுவாய் கண்ணெதிரே இருக்கிறது; தொக்கியது வேறொன்று. அந்த உறவுப்பெயரை இங்கே இடலாமா கூடாதா என்று கேட்டால், வரையறையின் சொற்களை எழுத்துக்கு எழுத்து படிப்பவர் ஒன்றும், அதன் நோக்கத்தைப் படிப்பவர் மற்றொன்றும் சொல்வார்கள். இரண்டு குறியீட்டாளர்கள் தனித்தனியே இத்தகைய வாக்கியங்களைக் குறித்தால் அவர்களிடையே ஒப்புமை குலையும் இடங்களில் இது முன்னிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆகவே மூன்று பாதைகள் உள்ளன. செயப்பாட்டாகவே கொண்டு, 'அங்' மீனைச் செயப்பாட்டு எழுவாய் என்றும் 'நங்' ஆளை விளிம்பு என்றும் குறிப்பது முதல் பாதை. பாஸ்க் போன்ற எர்கடிவ் மொழிகளுக்கு, அதாவது செயப்படுபொருள் குன்றிய வினையின் எழுவாயும் குன்றா வினையின் செயப்படுபொருளும் ஒரே வேற்றுமை பெறும் மொழிகளுக்கு, செய்வதுபோல, செய்பவனை எழுவாயாகவும் மீனைச் செயப்படுபொருளாகவும் கொண்டு, வேற்றுமைப் பெயரை மட்டும் மாற்றுவது இரண்டாவது. எந்த நோக்கானாலும் 'அங்' பெயருக்கு எழுவாய் உறவே தந்து, செய்பவனை மையத்திலேயே வைத்து, அவன் செய்பவன் என்பதைத் துணைக்குறியால் காட்டுவது மூன்றாவது. என் கருத்தில் மூன்றாவதே இந்த மொழிக்கு நேர்மையானது. முதல் பாதையில் போனால், தற்சுட்டும் தொக்கலும் ஏவலும் சாட்சி சொல்லும் ஒரு மையப் பெயரை, சான்றுக்கு எதிராக விளிம்பில் தள்ளுகிறோம். அதன் விளைவு தாளில் நிற்காது. பல மொழிகளின் மரவங்கிகளை வைத்துச் செயப்பாட்டுவினையின் எண்ணிக்கையை ஒப்பிடும் ஆய்வாளர், தகலாக் மக்கள் எதற்கெடுத்தாலும் செயப்பாட்டில் பேசுகிறார்கள் என்ற முடிவுக்கு வருவார். அது மொழியின் பண்பாக இராது, நாம் இட்ட பெயரின் நிழலாக இருக்கும். இரண்டாவது பாதையில் செய்பவன் தன் இடத்தைப் பெறுகிறான், ஆனால் பெயரெச்சத்தை ஆளும் 'அங்' தன் ஒருமையை இழந்து, ஒரு வாக்கியத்தில் எழுவாயாகவும் அடுத்ததில் செயப்படுபொருளாகவும் சிதறிவிடும்.

எந்தப் பாதையில் போனாலும் வினையின் நோக்கைத் தனியே குறித்தே ஆக வேண்டும். திட்டத்தின் 'வாய்ஸ்' பண்புப் பட்டியலில் செய்வினை, செயப்பாட்டு முதலியவற்றோடு இடநோக்கு, பயன்பெறுவோர் நோக்கு என்ற மதிப்புகளும் இம்மொழிகளுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் வடிவத்தைப் பார்த்துத் தானியங்கியாகக் குறிக்க முனைபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. செயப்படுபொருள் நோக்கின் ஒட்டு 'இன்' என்று பாடநூல்கள் சொல்லும். 'பினிலி' என்பதன் உள்ளே இருக்கும் 'இன்' அதுதான் என்று நினைப்பது எளிது. அது அதுவன்று. உள்ளே புகுந்த 'இன்', வினை தொடங்கிவிட்டது அல்லது முடிந்துவிட்டது என்பதைக் காட்டும். 'பினில்ஹான்', 'இபினிலி' ஆகிய மற்ற நோக்குகளிலும் அது இருக்கிறது. செயப்படுபொருள் நோக்கின் உண்மையான ஒட்டு வினையின் இறுதியில் வரும் 'இன்', 'பில்ஹின்' என்பதில்போல. முற்றுவினையில் அது மறைந்துவிடும். இல்லாத ஒட்டைக் கொண்டு நோக்கை உணர வேண்டும் என்பதால், வடிவப் பட்டியலை மட்டும் நம்பினால் போதாது; வாக்கியத்தில் 'அங்' எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தகலாகுக்குச் சொன்னதை அப்படியே இந்தோனேசியத்துக்கு எடுத்துப்போக முடியாது, ஒரே குடும்பம் என்றாலும். அங்கே 'டி-' ஒட்டுப் பெற்ற வினை செயப்பாட்டுக்கு மிக நெருக்கமானது: 'புக்கு இத்து டிபாச்சா ஓலே அலி', 'அந்தப் புத்தகம் அலியால் படிக்கப்பட்டது'. 'ஓலே' என்பது நம் 'ஆல்' போன்ற ஓர் இடைச்சொல். அதனோடு வரும் பெயரை விளிம்பு என்று குறிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சிக்கல் 'புக்கு இத்து சாயா பாச்சா' என்ற வகையில் இருக்கிறது. 'சாயா' என்றால் நான்; சொல்லுக்குச் சொல் 'அந்தப் புத்தகம் நான் படி' என்று வரும். மலேசியப் பள்ளிகளில் மலாய் படித்த தமிழ் மாணவர்களுக்கு இது நன்கு பழகியது. 'டிபாச்சா ஓலே சாயா' என்று எழுதினால் ஆசிரியர் பிழை என்று திருத்தி, தன்மை முன்னிலைகளுக்கு இந்த வடிவத்தைத்தான் எழுதச் சொல்வார். பள்ளி இலக்கணம் இதையும் செயப்பாட்டு வாக்கியம் என்றே பெயரிடும்.

குறியீட்டாளர் அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். செயப்படுபொருளை முன்னால் இழுத்துவைத்த சாதாரண செய்வினை வாக்கியம் என்பது ஒரு படிப்பு. புத்தகம் எழுவாய், 'சாயா' வினையோடு ஒட்டிய செய்பவன் என்பது மற்றொன்று. சான்று இரண்டாவதன் பக்கம் இருக்கிறது. செய்வினையின் 'மெம்பாச்சா' என்ற மூக்கொலி ஒட்டு இங்கே இல்லை. 'ஏற்கெனவே' என்று பொருள்படும் 'சுடா' சேர்ந்தால், 'புக்கு இத்து சுடா சாயா பாச்சா' என்று அது 'சாயா'வுக்கு முன்னால் போய் நிற்கிறது. 'சாயா'வுக்கும் வினைக்கும் நடுவே எழுத்து வழக்கில் எதுவும் நுழைவதில்லை. செய்வினையிலோ 'சாயா சுடா மெம்பாச்சா' என்று எழுவாய்க்குப் பின்னால்தான் 'சுடா' வரும். பேச்சு வழக்கில் இந்த வரிசை நெகிழ்வதால், சமூக ஊடகத்திலிருந்து எடுத்த வாக்கியங்களுக்கும் செய்தித்தாள் வாக்கியங்களுக்கும் ஒரே விதியைக் கண்மூடிப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இதிலும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. 'டிரிஞா தீடாக் டியா பெர்ஹாத்திகான்', 'தன்னை அவன் கவனிப்பதில்லை', சரியான வாக்கியம். எழுவாயான 'தன்னை' செய்பவனான 'அவன்' என்பதைச் சுட்டுகிறது, தகலாகில் பார்த்ததுபோலவே. 'டி-' வினையோடு செய்பவன் '-ஞா' என்ற ஒட்டுப்பெயராக வந்தாலும் வாக்கியம் நிற்கும். அதே 'டி-' வினையோடு 'ஓலே அமீர்' என்று முழுப்பெயர் வந்தால் நிற்காது. இதைக் காட்டிய 1998ஆம் ஆண்டு ஆய்வின் இரு ஆசிரியர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் மேனிங், பின்னால் யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஆக, எழுத்தில் ஒன்றாகத் தெரியும் 'டி-' ஒட்டின் கீழ் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. பிரிப்பது ஒட்டல்ல, செய்பவன் எந்த உருவில் வருகிறான் என்பதே. ஜாவானீஸில் தன்மைக்கு 'தக்-', முன்னிலைக்கு 'கோக்-', படர்க்கைக்கு 'டி-' என்று மூன்றும் ஒரே வரிசையில் வருவதைப் பார்த்தால், 'டி-' என்றாலே செயப்பாட்டு என்று முடிவு கட்டுவது எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

மலகாசியில் சிக்கல் சொல் பிரிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 'அனாசன்-ட்ரசுவா லம்பா இதி சவூனி இதி' என்றால் ரசுவா இந்தச் சோப்பால் துணி துவைக்கிறாள் என்பது செய்தி. வினை கருவியை நோக்கியிருப்பதால் சோப்பு எழுவாய் இடத்தில், வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. செய்பவளாகிய ரசுவா வினையோடு புணர்ந்து ஒரே சொல்லாகிவிட்டாள், புணர்ச்சியில் அவள் பெயரின் முதலொலியும் மாறிவிட்டது. இதைப் பிரிக்காமல் விட்டால் செய்பவளுக்கு உறவுப்பெயர் இட ஒரு சொல்லே இருக்காது.

இவ்வளவு முடிவுகளும் எவ்வளவு சிறிய தொகுப்புகளில் எடுக்கப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தோனேசியத்துக்கு ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் உண்டு. தகலாகின் முதல் இரண்டு மரவங்கிகள் மிகச் சிறியவை. அவற்றுள் ஒன்று இலக்கண நூல் ஒன்றின் எடுத்துக்காட்டுகளிலிருந்து கட்டப்பட்டது. தமிழுக்கும் இதே நிலைதான்: நம் இரண்டு மரவங்கிகளில் ஒன்று தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணத்தின் எடுத்துக்காட்டுகளை முதன்மையாகக் கொண்டது. இலக்கண நூல் வாக்கியங்கள் ஒவ்வொரு நோக்கையும் காட்டுவதற்காகவே தேர்ந்தவை என்பதால், அரிய வடிவமும் அடிக்கடி வரும் வடிவமும் அங்கே சம அளவில் தோன்றும். குறியீட்டு விதியைச் சோதிக்க அது மிக நல்ல களம். எந்த நோக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ண அதைப் பயன்படுத்தக் கூடாது.

இனி இடநோக்கு வாக்கியம் ஒன்றை முழுவதுமாகக் குறித்துப் பார்க்கலாம்: 'பினில்ஹான் நங் லலாகி நங் இஸ்தா அங் திந்தாஹான்'. கடையாகிய 'திந்தாஹான்' எழுவாய். வினைக்கு இடநோக்கு என்ற பண்பு. மிச்சம் இருப்பவை ஒரே 'நங்' பெற்ற இரண்டு பெயர்கள், ஆளும் மீனும். இருவருக்கும் வேற்றுமைக் குறி ஒன்றே, ஆனால் அவர்கள் ஒன்றல்லர்: ஆளின் இடத்தில் 'நியா' என்னும் மாற்றுப்பெயரை வைக்கலாம், 'நி மரியா' என்று இயற்பெயர் வைக்கலாம், மீனின் இடத்தில் அவற்றை வைக்க முடியாது. வழிகாட்டியோ ஒரு வினைக்கு நேர்ச் செயப்படுபொருள் ஒன்றுதான் என்கிறது. இரண்டாவது வந்தால் அது இரண்டாம் செயப்படுபொருளாக வேண்டும். மீனுக்கு நேர்ச் செயப்படுபொருள் உறவையும், ஆளுக்குச் செய்பவன் என்ற துணைக்குறியோடு இரண்டாம் உறவையும் நான் தருவேன். அவ்வாறு தந்தால் 'பினிலி' வாக்கியத்தில் வேறு செயப்படுபொருள் இல்லாதபோதும் ஆளுக்கு அதே உறவையே தர வேண்டியிருக்கும், அதையும் செய்வேன். செய்பவன் எந்த நோக்கில் வந்தாலும் ஒரே குறியில் கிடைப்பான். கடையும் மீனும், யாருக்காக வாங்கினானோ அவரும் எழுவாயாக வரும்போது, அவற்றின் பங்கு என்ன என்பதை வினையின்மேல் இட்ட நோக்குப் பண்பைப் படித்து எவரும் மீட்டுக்கொள்ளலாம்.